கோணல் எழுத்தும் எழுத்துப்பிழையும்: மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டில் எப்படி உதவலாம்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. வாயால் கேட்டால் பாடம் முழுவதையும் ஒப்பிக்கிறான், கதை சொல்வதில் கெட்டிக்காரன். ஆனால் நோட்டைத் திறந்தால் எழுத்துகள் கோட்டைத் தாண்டி ஏறி இறங்குகின்றன, வரிக்கு இரண்டு மூன்று பிழை வருகிறது, ஆசிரியர் 'கவனமில்லை' என்று எழுதி அனுப்புகிறார். நீங்கள் தினமும் நான்கு பக்கம் எழுத வைக்கிறீர்கள். அது பெரும்பாலும் அழுகையில்தான் முடிகிறது. இது சோம்பேறித்தனமா, ஏதாவது குறைபாடா, கையெழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தியவன், இப்போது எழுதவும் படிக்கவும் திணறும் பிள்ளைகளோடு வேலை செய்பவன் என்ற முறையில் என் கருத்து இது. உங்கள் மகனிடம் இருப்பது ஒரு சிக்கல் அல்ல, இரண்டு. எழுத்தை வடிவாக எழுதுவது கையின் வேலை. எந்த எழுத்தைப் போட வேண்டும் என்று தெரிவது காதும் நினைவும் சேர்ந்து செய்யும் வேலை. இரண்டும் தடுமாறும் பிள்ளையிடம் 'அழகாகவும் எழுது, பிழையில்லாமலும் எழுது' என்று ஒரே நேரத்தில் கேட்டால், அவன் ஒன்றைப் பிடிக்கப் போய் மற்றதை விட்டுவிடுகிறான். நான்கு பக்கம் எழுதியும் பலன் தெரியாததற்குக் காரணம் அதுதான். ஆகவே முதல் வேலையாக அந்த நான்கு பக்கத்தை நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, எது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். இதற்கு ஒரு சனிக்கிழமை காலை போதும். பாடப் புத்தகத்திலிருந்து நான்கைந்து வரிகளைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். சற்று விளையாடவிட்டு, அதே அளவுள்ள, அவனுக்குப் பழகிய வேறு சில வரிகளைச் சொல்வதெழுதுதலாகக் கொடுங்கள். பிறகு, அவன் பிழையாக எழுதிய சொற்களை மட்டும் எடுத்து, பென்சிலே இல்லாமல், எழுத்து அட்டைகளைத் தரையில் பரப்பி அடுக்கச் சொல்லுங்கள். பழைய நாட்காட்டித் தாளை வெட்டி எழுதிய அட்டைகளே போதும். பார்த்து எழுதும்போது ஓரளவு ஒழுங்காகவும் சொல்வதெழுதுதலில் மட்டும் பிழையாகவும் வந்தால், முக்கியமான சிக்கல் எழுத்துப்பிழையில் இருக்கிறது. அட்டையில் சரியாக அடுக்கிவிட்டு, அதே சொல்லைக் கையால் எழுதும்போது தவறினால், அவனுக்குச் சொல் தெரியும், கைதான் அவன் கவனத்தையெல்லாம் தின்றுவிடுகிறது என்று பொருள். பார்த்து எழுதும்போதே எழுத்துகள் விடுபட்டால், வேறு எதற்கும் முன்பு கண் பரிசோதனை செய்யுங்கள். கரும்பலகையில் உள்ளது மங்கலாகத் தெரிகிறது என்று எட்டு வயதுப் பிள்ளை தானாகச் சொல்வது அரிது; எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பான். அடிக்கடி சளி பிடித்துக் காது அடைக்கும் பிள்ளையாக இருந்தால் காதையும் காட்டிவிடுவது நல்லது.

முதலில் கையைப் பார்ப்போம். நம் வீடுகளில் பிள்ளைகள் பெரும்பாலும் தரையில் சம்மணமிட்டு, நோட்டையும் தரையிலேயே வைத்து, முதுகை வில்லாக வளைத்து எழுதுகிறார்கள். இல்லையென்றால் கட்டிலில் குப்புறப் படுத்து எழுதுகிறார்கள். இந்த இரண்டு நிலையிலும் உடம்பின் பாரத்தைக் கையே தாங்குவதால் விரல்கள் தாராளமாக அசைய முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் இரண்டும் தரையிலோ ஒரு பலகையிலோ பதிந்திருக்க வேண்டும். மேசை அவன் முழங்கை உயரத்துக்கு இருக்க வேண்டும். தரைதான் பழக்கம் என்றால், அந்தக் காலக் கணக்குப்பிள்ளை மேசையைப் போலச் சாய்வான ஒன்று மிக நல்லது. அது கிடைக்காவிட்டால், பரீட்சை அட்டையின் மேல்விளிம்புக்கு அடியில் இரண்டு தடித்த புத்தகங்களை வைத்து, ஒரு சிறு மணையின் மேல் சாய்த்துக் கொடுங்கள். தாள் சாய்ந்திருந்தால் மணிக்கட்டு இயல்பான நிலைக்கு வரும், கழுத்தும் நிமிரும்.

பென்சிலைப் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து பிடிப்பதே பொதுவாக வசதியானது. ஆனால் நான்கு விரலால் பிடித்துக்கொண்டு வலியில்லாமல் வேகமாக எழுதும் பிள்ளையை மாற்றுவதில் பயனில்லை. முஷ்டியாகப் பிடிப்பதும், பக்கத்தின் பின்புறம் தடவினால் மேடு தட்டும் அளவுக்கு அழுத்துவதும், அரைப் பக்கத்திலேயே கை வலிக்கிறது என்பதும்தான் கவனிக்க வேண்டியவை. முக்கோண வடிவப் பென்சிலோ, விரலுக்குச் சற்றுப் பெரிய அளவு நீளமுள்ள துண்டுப் பென்சிலோ பிடியைத் தானாகவே சீராக்கும். அழுத்துகிற பிள்ளைக்கு 2பி போன்ற மென்மையான பென்சில் கொடுங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவனாக இருந்தால் நோட்டின் மேல்பகுதி வலப்பக்கம் சாயும்படி வைத்து, பென்சிலை முனையிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் எழுதியது அவன் கைக்கு மறையாது. வலக்கைக்கு மாற்ற முயலாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் சொன்னாலும் வேண்டாம்.

விரல் வலுவுக்காகப் பூண்டு உரிப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, பூக்கட்டுவது, பல்லாங்குழி ஆடுவது எல்லாம் நல்லவையே. ஆனால் பூண்டு உரித்தே கையெழுத்து திருந்திவிடாது. எழுத்து திருந்த எழுத்தைத்தான் எழுத வேண்டும். எவ்வளவு, எப்படி என்பதில்தான் மாற்றம் வேண்டும்.

தமிழ் எழுத்துகளை அகரவரிசையில் மீண்டும் முதலிலிருந்து எழுத வைக்காதீர்கள். 247 எழுத்து என்ற கணக்கே பிள்ளையை மலைக்க வைக்கும். உண்மையில் கைக்குத் தேவையான அசைவுகள் மிகச் சிலதான். ட, ப, ம, ய ஆகியவை நேர்கோட்டில் பிறப்பவை. க, ச, த மூன்றும் ஒரே தொடக்கம் கொண்டவை. வ, ல, ன, ண, ள ஆகியவற்றில் சுழி வருகிறது. சுழியை எந்தத் திசையில் சுற்றி எங்கே விடுவது என்பது கைக்கு ஒருமுறை பழகினால் ஐந்தும் சேர்ந்தே திருந்தும். உகர எழுத்துகளிலும் இப்படிக் குடும்பங்கள் உண்டு. சு, பு, யு, வு நான்கும் கீழ்நோக்கி ஒரு கோடு இறங்குபவை. டு, மு, ரு, ழு, ளு அடியில் வளைந்து சுற்றுபவை. ணு, து, நு, லு, று, னு காலை நீட்டி மடக்குபவை. மகனின் நோட்டை வைத்துக்கொண்டு, எந்த எழுத்துகள் உருக்குலைகின்றன என்று வட்டமிட்டுப் பாருங்கள். பக்கம் முழுவதும் மோசம் என்று தோன்றியது பெரும்பாலும் ஏழெட்டு எழுத்துகளின் கோளாறாகவே இருக்கும். இ, ஞ, ண, ழ, ஐகாரக் கொம்பு ஆகியவை அந்தப் பட்டியலில் அடிக்கடி வருபவை.

அவற்றில் ஒரே ஒரு குடும்பத்தை எடுத்து, முதலில் பெரிதாக, தோளிலிருந்து கை அசையும்படி, தரையில் சாக்பீஸால் எழுதட்டும். பிறகு சிலேட்டில். அதன் பிறகே அகலமான இரட்டைக்கோடு நோட்டில், ஒரு வரி மட்டும். எழுதி முடித்ததும் 'இதில் எது நன்றாக வந்திருக்கிறது?' என்று அவனையே கேட்டு, அதன்கீழ் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் எழுதும் பிள்ளை முதல் இரண்டு வரிக்குப் பிறகு தன் தவறான வடிவத்தைத்தான் பார்த்துப் பார்த்துப் பழகுகிறான் என்பது இம்போசிஷன் கொடுப்பவர்கள் யோசிக்காத விஷயம். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ எழுதிக் காட்டுபவராக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன்பு பள்ளியில் படித்தவர்கள் ணை, லை, ளை, னை ஆகியவற்றைத் துதிக்கை போன்ற கொம்பு போட்டும், ணா, றா, னா ஆகியவற்றைச் சுழித்தும் எழுதுவார்கள். ஏற்கெனவே குழம்பியிருக்கும் பிள்ளைக்கு அது இன்னொரு குழப்பம்.

இனி எழுத்துப்பிழை. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிவப்பு மையில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். இந்த வயதில் ஒரு பிள்ளை படம் பார்த்துச் சொந்தமாக எழுதும் வாக்கியம் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன்: 'மரத்துல ஒறு பரவ உக்காந்து பளம் திண்ணுச்சு.' ஆறு சொல், ஆறிலும் பிழை. ஆனால் மரத்துல, உக்காந்து, திண்ணுச்சு மூன்றும் அடிப்படையில் பேச்சுத்தமிழ். காதில் விழுவதை எழுத்தாக்க அவனுக்கு நன்றாகவே தெரியும் என்பதற்கு அவை சான்று. எழுத்துத்தமிழின் சொல்வடிவங்கள்தான் இன்னும் போதுமான அளவு அவன் காதுக்குள் போகவில்லை. இதற்கு மருந்து எழுதுவது அல்ல, கேட்பது. தினமும் இரவில் பத்து நிமிடம் ஒரு கதைப் புத்தகத்தை, அச்சில் உள்ளபடியே, 'உட்கார்ந்து', 'தின்றது' என்று நிறுத்தி வாசித்துக் காட்டுங்கள். புத்தகத்தைப் பேச்சுவழக்காக மாற்றிச் சொல்லும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கொஞ்ச காலம் அதை விட்டுவிடுங்கள்.

பளம் என்பது வேறு வகை. ழகரம் வீட்டில் யாருடைய வாயிலும் வரவில்லை என்றால் அவன் எழுத்தில் மட்டும் எப்படி வரும்? ல சொல்லும்போது நுனிநாக்கு மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறது. ள சொல்லும்போது நாக்கு மடிந்து அண்ணத்தைத் தொடுகிறது. ழ சொல்லும்போது மடிந்தும் தொடாமல் நிற்கிறது. கண்ணாடி முன் நின்று இருவரும் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். பேச்சில் முழுவதும் வராவிட்டாலும் பரவாயில்லை. 'எழுதும்போது சொல்லும் உச்சரிப்பு' என்று தனியாக ஒன்றை வைத்துக்கொண்டு, வாழைப்பழம் என்று எழுதும்போது மட்டும் அப்படிச் சொல்லிக்கொண்டே எழுதினால் போதும்.

ஆனால் ஒறு, பரவ இரண்டிலும் உள்ள ரகர றகரக் குழப்பத்தை உச்சரிப்பால் தீர்க்க முடியாது, ஏனென்றால் இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பேச்சில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. நகர னகரமும் அப்படித்தான். இங்கே உதவுவது எழுத்து நிற்கும் இடம். சொல்லின் தொடக்கத்தில் ந மட்டுமே வரும். ன, ண வாரா. த-வுக்கு முன்னால் ந் (பந்து), ட-வுக்கு முன்னால் ண் (வண்டி), ற-வுக்கு முன்னால் ன் (கன்று). அதனால்தான் பழைய ஆசிரியர்கள் தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள்; பெயரிலேயே விதி இருக்கிறது. 'ரெண்டு சுழி, மூணு சுழி' என்று மட்டும் சொல்லும்போது அந்த உதவி போய்விடுகிறது. முந்நூறு, அநியாயம் போன்ற சில விலக்குகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதேபோல ர, ல என்று தொடங்குவது போலக் காதில் விழும் சொல்லின் முதல் எழுத்தாக ற, ள, ழ ஆகியவற்றுக்கு இடமே இல்லை.

ஒற்றுப்பிழைக்கும் ஒரு கெட்டியான விதி உண்டு, பெரியவர்களுக்கே பயன்படும். ற் என்ற எழுத்துக்குப் பின்னால் இன்னொரு ஒற்று வரவே வராது: முயற்சி, பயிற்சி, அதற்கு, கற்பனை. 'முயற்ச்சி', 'அதற்க்கு' என்பவை கடைப் பலகைகளிலும் அழைப்பிதழ்களிலும்கூடக் காணப்படும் பிழைகள். மாறாக ய், ர், ழ் மூன்றின் பின்னால் இன்னொரு ஒற்று வரலாம்: வாய்ப்பு, வளர்ச்சி, வாழ்க்கை. 'முயற்சியா, முயற்ச்சியா' என்று மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு விதி எத்தனையோ சொற்களைக் காப்பாற்றும். மூன்றாம் வகுப்புக்கு இதை விதியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'ற்' போட்டால் பக்கத்தில் புள்ளி வைத்த எழுத்து வேண்டாம் என்றால் புரிந்துகொள்வான்.

கொம்பெழுத்துகளில் வரும் பிழையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'கொ' என்ற ஒலியில் முதலில் கேட்பது க், பிறகு ஒ. எழுதும்போதோ முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். அதாவது கேட்ட வரிசையில் எழுத முடியாத எழுத்து இது. கொடி என்பதைக் 'கெடி' என்று எழுதும் பிள்ளை பெரும்பாலும் காலை மறந்தவன்தான். ஒலி தெரியாதவன் அல்லன். கெ-கே, கொ-கோ ஆகியவற்றில் ஒற்றைக்கொம்பா, இரட்டைக்கொம்பா என்ற தயக்கம் இன்னொன்று. இங்கே எழுத்து அட்டையே சிறந்த கருவி: கொம்பு, கால் இரண்டையும் தனித்தனி அட்டையாக வெட்டி, 'கொம்பு, க, கால்' என்று வாயால் சொல்லிக்கொண்டே அடுக்கட்டும். குறில், நெடில் வேறுபாட்டுக்குக் கையால் தட்டச் சொல்லலாம்: குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குக் கையை இழுத்துத் தடவுவது.

பலர் செய்யும் ஒன்றை நான் பரிந்துரைப்பதில்லை. பல்லி-பள்ளி, அரை-அறை, தலை-தளை-தழை என்று இணை இணையாக எழுதிக் கொடுத்துப் படிக்க வைப்பது. இரண்டையும் ஏற்கெனவே அறிந்த பிள்ளைக்கு அது நல்ல இலக்கணப் பயிற்சி. குழம்புகிற பிள்ளைக்கு அது குழப்பத்தையே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டிக்கொடுக்கிறது. முதலில் 'பள்ளி' மட்டும். அது யோசிக்காமல் வரும் நிலைக்கு வந்த சில வாரங்களுக்குப் பிறகு பல்லியைப் பார்க்கலாம்.

அன்றாடப் பயிற்சியைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். சொற்களை அவனுடைய நோட்டின் பிழைகளிலிருந்தே எடுங்கள், ஒரு நாளைக்கு நான்கு அல்லது ஐந்து. சொல்லைப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். அதில் வம்பு செய்யும் இடம் எது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். மூடிவிட்டு எழுத வேண்டும். திறந்து தானே சரிபார்க்க வேண்டும். பார்த்தபடியே பத்து முறை எழுதும்போது மூளைக்கு வேலையே இல்லை. மூடிவிட்டு இரண்டு முறை எழுதுவதில் நினைவு வேலை செய்கிறது. அதே சொற்கள் ஒரு நாள் விட்டும், மறுபடி அடுத்த வாரமும் வர வேண்டும். சரியாக வந்தவற்றைப் பட்டியலிலிருந்து அவனே அடிக்கட்டும்.

ஒரு விதிவிலக்கு: அவன் கதையோ கடிதமோ சொந்தமாக எழுதும் நாளில் பிழை திருத்தாதீர்கள். திருத்தியே ஆக வேண்டும் என்றால், பயிற்சியில் இருக்கும் ஒரு வகைப் பிழையை மட்டும் காட்டுங்கள். கதை சொல்வதில் கெட்டிக்காரன் என்று நீங்களே சொல்லும் பிள்ளை, பிழைக்குப் பயந்து தனக்கு எழுதத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து இரண்டு வரியில் முடிக்கப் பழகிவிட்டால் அது கோணல் எழுத்தைவிடப் பெரிய இழப்பு. நீண்ட கதையை அவன் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு வரியை அவன் எழுதட்டும்.

ஆங்கிலம் பற்றி அதிகம் கேட்கவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளியில் கர்சிவ் என்ற சேர்த்தெழுதும் எழுத்தைக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்றால், ஓராண்டுக்குத் தனித்தனி எழுத்தாக எழுத அனுமதி கேளுங்கள். தமிழ் வடிவங்களே கைக்கு வராத பிள்ளைக்கு மூன்றாவது எழுத்துமுறை ஒன்றைச் சுமத்துவதில் நியாயமில்லை. வகுப்பாசிரியரிடம் பேசும்போதே, கரும்பலகையிலிருந்து எழுதுவதைப் பாதியாகக் குறைக்கவும், அறிவியல், சமூக அறிவியல் விடைகளில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காதிருக்கவும் கேட்டுப் பாருங்கள். உங்கள் சனிக்கிழமைப் பரிசோதனைத் தாள்களைக் கையோடு கொண்டுபோனால் பேச்சு 'கவனமில்லை' என்பதைத் தாண்டி நகரும்.

குறைபாடா என்ற கேள்விக்கு வருகிறேன். இப்படி மூன்று மாதம் விடாமல் செய்தும் அசைவே இல்லை, வாசிப்பும் எழுத்துக்கூட்டித்தான் வருகிறது, நேற்று நன்றாகத் தெரிந்த சொல் இன்று புதிதாகத் தெரிகிறது, குடும்பத்தில் வேறு யாருக்கும் இதே சிரமம் இருந்தது என்றால் முறையான மதிப்பீடு செய்துவிடுங்கள். வாசிப்பிலும் எழுத்துக்கூட்டுவதிலும் உள்ள தொடர் சிரமத்தை டிஸ்லெக்சியா என்றும், எழுதுவதில் உள்ளதை டிஸ்கிராபியா என்றும் சொல்கிறார்கள். அறிவுக்கூர்மைக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற பெயரில், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளுக்குள் இவை வருகின்றன. சான்றிதழுக்கான மதிப்பீட்டை எட்டு வயதுக்குப் பிறகே செய்வது வழக்கம் என்பதால் உங்கள் மகனுக்கு இது சரியான வயதுதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்தில் தொடங்கலாம். சென்னையில் இருப்பவர்கள் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனை அணுகலாம். பென்சில் பிடிப்பதோடு பொத்தான் போடுவதும் ஷூ லேஸ் கட்டுவதும்கூடச் சிரமம் என்றால், இப்படிப்பட்ட அன்றாடக் கைவேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைப் பார்ப்பது நல்லது. சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். சிபிஎஸ்இ தேர்வில் மணிக்கு 20 நிமிடம் என்ற கணக்கில், மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறார்கள். தேர்வு ஆண்டில் போய் அலையாமல் இப்போதே மதிப்பீட்டை முடித்து வைப்பது அதற்காகவும்தான்.

கையெழுத்துப் பயிற்சி வகுப்பைப் பொறுத்தவரை, கை மட்டுமே சிக்கல் என்று உங்கள் பரிசோதனையில் தெரிந்தால் சேர்க்கலாம். அதிலும், பிள்ளை எப்படி உட்காருகிறான், எப்படிப் பிடிக்கிறான் என்று முதல் நாளே பார்க்கிறார்களா, தமிழ் எழுத்தைக் கற்றுத்தருகிறார்களா, ஆங்கிலக் கர்சிவ் மட்டும்தானா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். ஒரு மாதத்தில் முத்து முத்தான எழுத்து என்று விளம்பரம் செய்யும் இடத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பயிற்சி நோட்டைக் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள் என்றால், அது நீங்கள் இன்று நிறுத்தப்போகும் அதே நான்கு பக்கம்தான், கட்டணத்தோடு.